2015 விம்பிள்டன் மகளிர் இரட்டையர் போட்டி

2015ஆம் ஆண்டு ஜூன் 29 முதல் ஜூலை 12 வரை லண்டனில் நடந்த 129ஆவது விம்பிள்டன் டென்னிஸ் தொடரின் ஒரு பிரிவு இது. ஜூலை 11, சனிக்கிழமை மாலை நடந்த இறுதிச்சுற்றில் இந்தியாவின் சானியா மிர்சாவும் சுவிட்சர்லாந்தின் மார்டினா ஹிங்கிசும், ரஷ்யாவின் எகடெரினா மகரோவா, எலினா வெஸ்னினா ஜோடியை 5-7, 7-6 (7-4), 7-5 என்ற செட் கணக்கில் வென்றனர். வென்றவர்கள் தொடரின் முதல்நிலை ஜோடி; தோற்றவர்கள் இரண்டாம்நிலை ஜோடி. கிராண்ட்ஸ்லாம் மகளிர் இரட்டையர் பட்டம் ஓர் இந்தியப் பெண்ணின் கைக்கு வந்தது அதுவே முதல் முறை.

விம்பிள்டனில் மகளிர் இரட்டையர் 1913 முதல் சாம்பியன் பட்டப் போட்டியாக நடந்து வருகிறது. 64 ஜோடிகள் களம் இறங்கும். கோப்பையைத் தொட ஆறு ஆட்டங்களை வெல்ல வேண்டும். சுற்றுப்பயணத்தின் மற்றத் தொடர்களில் ஆளுக்கொரு செட் என்று சமநிலை வந்தால், மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டை-பிரேக்கர் ஆடி முடித்துவிடுவார்கள். விம்பிள்டனில் மூன்றாவது செட்டையும் முழுமையாக ஆட வேண்டும். 2015இல் அந்தச் செட்டுக்கு டை-பிரேக்கரும் கிடையாது. இரண்டு கேம் முன்னிலை கிடைக்கும்வரை ஆட்டம் நீளும். இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அந்த ஆண்டின் இறுதிச்சுற்று எப்படித் திரும்பியது என்பது விளங்கும். பின்தங்கிய ஜோடி மூச்சு வாங்கி மீண்டு வர, குறுகிய டை-பிரேக்கரைவிட முழு செட் அதிக இடம் தருகிறது.

முந்தைய ஆண்டு சாம்பியன்களான இத்தாலியின் சாரா எர்ரானியும் ராபர்ட்டா வின்சியும் பட்டத்தைக் காக்க வரவில்லை. நான்கு கிராண்ட்ஸ்லாம்களையும் சேர்ந்து வென்ற அந்த ஜோடி 2015இன் தொடக்கத்திலேயே பிரிந்துவிட்டது. இரட்டையர் டென்னிசில் இது புதிதல்ல. ஒருவரின் சர்வீஸ் எங்கே விழும், எந்தப் பந்தில் தடுமாறுவார் என்று பக்கத்தில் நின்று அறிந்தவரே அடுத்த பருவத்தில் வலைக்கு அந்தப் பக்கம் நிற்பார். இந்த இறுதிச்சுற்றிலும் அதுவே நடந்தது. 2011 பிரெஞ்சு ஓப்பன் இறுதிவரை சானியாவுடன் சேர்ந்து போய்த் தோற்றவர் வெஸ்னினா. ஹிங்கிசுக்கும் இந்த ரஷ்ய ஜோடியிடம் பழைய கணக்கு ஒன்று இருந்தது. 2014 அமெரிக்க ஓப்பன் இறுதிச்சுற்றில் இத்தாலியின் ஃபிளாவியா பென்னெட்டாவுடன் ஆடி அவர்களிடம்தான் அவர் பட்டத்தை இழந்தார்.

சானியாவும் ஹிங்கிசும் சேர்ந்தது 2015 மார்ச்சில். இண்டியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என்று மூன்று தொடர்களை அடுத்தடுத்து வென்றார்கள்; அவற்றில் முதலிரண்டு இறுதிச்சுற்றுகளிலும் எதிரில் நின்றவர்கள் மகரோவாவும் வெஸ்னினாவும். ஏப்ரல் 13 அன்று சானியா இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தை எட்டினார். ஒற்றையரில் அவர் தொட்ட உயரம் 2007இல் கிடைத்த 27ஆம் இடம். மணிக்கட்டிலும் முழங்கால்களிலும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபின் ஒற்றையரை விட்டுவிட்டு இரட்டையருக்கே தம்மைக் கொடுத்தார். ஹிங்கிஸ் 1996இல் ஹெலெனா சுகோவாவுடன் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 15. மறு ஆண்டு ஒற்றையர் பட்டம், 1998இல் யானா நவோட்னாவுடன் மீண்டும் இரட்டையர் பட்டம். பிறகு காயம், ஓய்வு, திரும்பி வருதல், மறுபடி ஓய்வு என்று ஆண்டுகள் போயின. 2013இல் இரட்டையருக்காக மட்டும் திரும்பிய அவருக்கு 2015இல் வயது 34. சானியாவின் ஃபோர்ஹேண்ட் பந்தை உடைத்துக்கொண்டு போகும். ஹிங்கிசின் பலம் வலையருகே இருக்கும் கையும், அடுத்த பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கணிக்கும் கண்ணும். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. அதுவரை சானியாவுக்குக் கிடைத்த துணைகளில் இதுவே மிகப் பொருத்தமானது என்று தயங்காமல் சொல்லலாம்.

இறுதிச்சுற்றுவரை அவர்கள் ஒரு செட்டையும் இழக்கவில்லை. காலிறுதியில் ஆஸ்திரேலியாவின் கேசி டெல்லாக்வா, கஜகஸ்தானின் யாரோஸ்லாவா ஷ்வெடோவா ஜோடி 7-5, 6-3 என்று ஓரளவு தாக்குப்பிடித்தது. அரையிறுதியில் அமெரிக்காவின் ராக்குவெல் காப்ஸ்-ஜோன்ஸ், அபிகெயில் ஸ்பியர்ஸ் ஜோடி 6-1, 6-2 என்று சரிந்தது.

இறுதிச்சுற்றில் முதல் செட்டை ரஷ்ய ஜோடி எடுத்தது. இடக்கை ஆட்டக்காரரான மகரோவா சர்வ் செய்யும்போது பந்து மற்றவர்களுடையதற்கு மாறான பக்கம் வளைந்து போகும்; புல்தரையில் அது தாழ்ந்து வழுக்கும். இரண்டாவது செட் டை-பிரேக்கரில்தான் முதல்நிலை ஜோடிக்குக் கிடைத்தது. மூன்றாவது செட்டில் ரஷ்யர்கள் 5-2 என்று முன்னேறினார்கள். இன்னும் ஒரு கேம் எடுத்தால் கோப்பை அவர்களுடையது. அந்த ஒரு கேம் கடைசிவரை கிடைக்கவில்லை. மூன்று கேம்களை வரிசையாக எடுத்து சானியாவும் ஹிங்கிசும் 5-5 ஆக்கினார்கள். அதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டதால் ஆட்டம் நிறுத்தப்பட்டு, சென்டர் கோர்ட்டின் கூரை மூடப்பட்டு, விளக்குகள் போடப்பட்டன. 2009இல் அமைக்கப்பட்ட அந்தக் கூரை இல்லையென்றால் மிச்ச ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிப் போயிருக்கும். திரும்பி வந்து அடுத்த இரண்டு கேம்களையும் அவர்கள் எடுத்தார்கள். ஆக, 2-5 என்ற நிலையிலிருந்து தொடர்ந்து ஐந்து கேம்கள். இடைவேளைக்குப் பின் ஆட்டம் குளிர்ந்துபோவது வழக்கம். அன்று வேகம் கொஞ்சமும் தளராதவர்கள் அவர்களே.

ஹிங்கிசுக்கு இது 17 ஆண்டுகளுக்குப் பின் வந்த விம்பிள்டன் பட்டம். மறுநாளே லியாண்டர் பயசுடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் பட்டத்தையும் வென்றார். சானியா 2003இல் இதே விம்பிள்டனில் ரஷ்யாவின் அலிசா கிளேபனோவாவுடன் சிறுமியர் இரட்டையர் பட்டம் பெற்றவர். கலப்பு இரட்டையரில் மூன்று கிராண்ட்ஸ்லாம்களும் அவரிடம் இருந்தன. கோவையில் பிறந்த நிருபமா வைத்யநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஒரு சுற்று வென்றதே இந்திய மகளிர் டென்னிசில் பெருஞ்செய்தியாக இருந்தது. அதற்கு 17 ஆண்டுகளில் ஓர் இந்தியப் பெண் விம்பிள்டன் இரட்டையர் கோப்பையை ஏந்தினார். 2015இலேயே சானியாவுக்கு ராஜீவ் காந்தி கேல் ரத்னா விருது வழங்கப்பட்டது.

அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனையும், 2016 ஆஸ்திரேலிய ஓப்பனையும் இந்த ஜோடி வென்றது. தொடர்ச்சியாக 41 ஆட்டங்களில் வென்ற அவர்களின் ஓட்டம் 2016 பிப்ரவரியில் தோகாவில் நின்றது. நிறுத்திய ஜோடியில் ஒருவர் வெஸ்னினா. ஆகஸ்டில் சானியாவும் ஹிங்கிசும் பிரிந்தார்கள். அதே மாதம் ரியோ ஒலிம்பிக் இறுதியில் ஹிங்கிசையும் டிமியா பசின்ஸ்கியையும் தோற்கடித்து மகரோவாவும் வெஸ்னினாவும் தங்கம் வென்றனர். 2015இல் கைநழுவிய விம்பிள்டன் கோப்பை 2017இல் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த இறுதிச்சுற்றின் கணக்கு 6-0, 6-0.