மோட்டார் வந்தது, பின்பலகை வந்தது

மண்ணூரில் கடல் இல்லை. சுற்றிலும் ஏரிகள் உண்டு, கம்பெனிகள் உண்டு, ராத்திரி முழுக்க கன்டெய்னர் லாரி உண்டு. அப்புறம் ஏன் நம்ம மலரில் படகைப் பற்றி எழுதுறேன்னு கேட்பீங்க. 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். அது போக, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாமும் மூழ்கியது. அப்போது மீனவர்கள் சென்னைக்கும் புறநகருக்கும் ஃபைபர் படகை லாரியில் ஏற்றி வந்து ஜனங்களை மீட்டார்கள். நம்ம பக்கத்துப் பெண்கள் பலர் படகை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். நான் கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். அதனால் கூட்டத்தில் படகைப் பற்றி ஆளாளுக்குக் கேட்ட கேள்விக்கெல்லாம் இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்க தாத்தா காலத்தில் ஃபைபர் கிடையாது. கட்டுமரம்தான். மிதக்கிற மரத்துண்டுகளைச் செதுக்கி, கயிற்றால் சேர்த்துக் கட்டினால் அதுதான் மரம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து வெயிலில் காயப் போடுவார்கள். டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி இதைப் பார்த்து வியந்து 1697ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். வெள்ளைக்காரர் மொழியில் இன்றைக்கும் இரட்டைப் படகுக்கு நம்ம கட்டுமரம்தான் பெயர். இன்னொன்று மசூலா படகு. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஆளையும் மூட்டையையும் கரை சேர்த்தது இந்தப் படகுதான். அதில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னை நார்க் கயிறு போட்டுத் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகு வளைந்து கொடுக்கும், உடையாது. கயிறு போச்சுன்னா புதுக் கயிறு. கை வேலைதான், கடைக்குப் பணம் போகாது.

மோட்டார் வந்தபோதுதான் கணக்கு மாறியது. 1979ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடா திட்டம் சென்னையில் அலுவலகம் போட்டு, அலையில் இறங்கி ஏறக்கூடிய புது மாதிரிப் படகுகளைச் செய்து பார்த்தது. 1980களின் தொடக்கத்தில் குமரி மாவட்டம் முட்டத்தில் பிளைவுட் படகு கட்டினார்கள். வெளியே மாட்டுகிற எஞ்சினுக்குப் பிடிமானம் வேண்டும். அதற்காகப் படகின் பின்பக்கத்தைக் கூராக முடிக்காமல், குறுக்கே நேராக ஒரு கனத்த பலகை வைத்து மூடினார்கள். எஞ்சினின் எடை, ஆட்டம், தள்ளுகிற வேகம் எல்லாம் அந்த ஒரு பலகைமேல்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் போனார்கள். கட்டுமரங்களும் போயின. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். அவசரத்தில் கட்டியவை, எல்லாம் ஒரே தரம் இல்லை.

ஃபைபர் மக்காது என்பது உண்மை. ஆனால் பின்பலகையின் உள்ளே இருப்பது பிளைவுட். எஞ்சினைப் பூட்டுகிற போல்ட் ஓட்டை வழியாக உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாய் உள்ளே போகும். வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ளே பலகை ஊறி வெல்லமாகிவிடும். சுத்தியால் தட்டிப் பார்த்தால் தெரியும். நல்ல பலகை ‘டங்’குன்னு சொல்லும், மக்கினது ‘பொத்’துன்னு அமுங்கும்.

எங்க அண்ணன் படகில் அப்படித்தான் ஆனது. முதல் தடவை பழுது பார்த்த மேஸ்திரி, சல்லிசாகக் கிடைத்த பாக்கிங் பெட்டிப் பலகையை உள்ளே வைத்துவிட்டார். நம்ம ஒரகடம் சாலையோரம் பழைய மரக்கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மாதிரிப் பலகை. கோழிக்கூண்டுக்கு ஆகும், படகுக்கு ஆகுமா? இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. கடலில் போகும்போது எஞ்சின் பின்னால் சாய ஆரம்பித்தது. “யம்மா, இன்னும் ரெண்டு அலை அடிச்சிருந்தா எஞ்சினே கடல்ல”ன்னு அண்ணன் சொன்னபோது அண்ணிக்குக் கை நடுங்கியது.

திரும்பப் பழுது பார்க்கப் பணம்? கரையில் வழக்கம் ஒன்று உண்டு. வியாபாரி முன்பணம் கொடுப்பார். வட்டி கேட்க மாட்டார். ஆனால் கடன் அடையும்வரை பிடிக்கிற மீன் அத்தனையும் அவருக்குத்தான், அவர் சொன்ன விலைக்குத்தான். வட்டியைவிட இது மோசம் என்பது என் கருத்து. அண்ணி தன் குழுவில் கடன் கேட்டாள். “ஆம்பளை படகுக்கு எதுக்கு நம்ம சேமிப்பு?” என்று ஒருத்தி கேட்டாளாம். நியாயமான கேள்விதான். அண்ணி சொன்ன பதில்: “மீனு அந்தாளுக்குப் போனா நான் கூடை தூக்க என்ன இருக்கு?” 1989ல் தருமபுரியில் ஆரம்பித்த மகளிர் குழுக்கள் 1997ல் மகளிர் திட்டமாகி மாநிலம் முழுக்கப் பரவின. அதில் நமக்குக் கிடைத்த பெரிய வசதி, இப்படி ஒரு கேள்வியை நாமே பேசி நாமே முடிவு பண்ணுவது. பத்துத் தவணையில் கடன் தந்தார்கள்.

இந்த முறை அண்ணியே கடைக்குப் போய்ப் பலகை வாங்கினாள். கடல் பிளைவுட்டில் ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கும். 303 என்றால் வீட்டு அலமாரிக்கு உள்ளது. எஞ்சினைக் கழற்றி, உள்பக்கத்து ஃபைபர் தோலை மட்டும் அறுத்து எடுத்தார்கள். வெளித்தோல் அப்படியே இருக்கணும், அதுதான் அச்சு. மக்கினதைச் சுரண்டிவிட்டு, நல்லாக் காயும்வரை விட்டார்கள். ஈரத்தில் ரெசின் பிடிக்காது. அட்டையில் அளவு வெட்டி, இரண்டு பலகையை ஒட்டி, ஓரமெல்லாம் ரெசின் பூசி உள்ளே இறக்கி, மேலே கண்ணாடி இழைப் பாய் அடுக்கடுக்காய்ப் போட்டார்கள். கவனம்: கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராகச் சேர்த்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கின பிறகுதான் அடுத்தது. இழைத் தூசி உடம்பெல்லாம் அரிக்கும், முகத்தில் துணி கட்டணும். போல்ட் ஓட்டையைப் பெரிசாக்கி, ரெசினால் அடைத்து, இறுகினதும் அதற்குள் மறுபடி ஓட்டை போட்டார்கள். இனி தண்ணீர் பலகையைத் தொடாது.

இறக்குவதற்கு முந்தின நாள் படகின் பின்பக்கத்தைத் தாழ்த்தி, பெண்கள் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினார்கள். வெளியே ஒரு சொட்டுக் கசிகிறதா என்று மேஸ்திரி தடவித் தடவிப் பார்த்தார். கசியவில்லை. காலையில் மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். வடிகால் ஓட்டையில் தக்கை அடைத்தாச்சா என்று அண்ணி கடைசி நிமிஷத்தில் கத்திக் கேட்டாள்.

அன்றைக்கு வந்தது சங்கராவும் கொஞ்சம் காரப்பொடியும். கரையில் ஏலம் போட்டு விற்றார்கள். முன்பணம் கொடுக்கிற அதே வியாபாரியும் ஏலத்தில் நின்று விலை கேட்டார். அண்ணி அவரைவிடப் பத்து ரூபாய் கூடக் கேட்டு ஒரு கூடை எடுத்தாள்.