குருக்கள் இல்லாத 29 ஆண்டுகள்



உங்களில் பலருடைய வேர்கள் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருக்கின்றன. அந்த மண்ணின் திருச்சபை வரலாற்றைப் பேசும்போது குருக்களின் பெயர்களையும் ஆயர்களின் பெயர்களையுமே நாம் வழக்கமாகச் சொல்கிறோம். எந்த ஏட்டிலும் பெயர் இடம்பெறாத சிலரைப் பற்றி இன்று எழுத விரும்புகிறேன். அவர்கள் தந்தையர், தாய்மார், பாட்டிமார், பேரப்பிள்ளைகள். விசுவாசம் நம் கைக்கு வந்து சேர்ந்ததற்கு அவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

1658-ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்ற ஆணையும் அதே ஆண்டில் பிறந்தது. ஊர்தோறும் இருந்த கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபையின் ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய ஒல்லாந்தப் போதகர் பல்தேயஸ், 1672-இல் வெளியான தம் நூலில் அக்கோவில்களைப் படங்களுடன் விவரித்திருக்கிறார். கோவில்களின் நிலையை அவரிடமிருந்து அறிகிறோம். அக்கோவில்களைச் சுற்றியிருந்த வீடுகளுக்குள் இரவில் என்ன நடந்தது என்பதை எழுதிவைக்க எவரும் இருக்கவில்லை.

ஆட்சியின் நெருக்கடி, அன்றாட வாழ்வின் வாசல் வழியாகவே குடும்பங்களுக்குள் நுழைந்தது. பிள்ளைகளுக்குத் திருமுழுக்கும் பெரியவர்களுக்குத் திருமணமும் சீர்திருத்த சபையிலேயே நடைபெற வேண்டும். பள்ளிக்கூட உபாத்தியாயர் அவற்றைத் தோம்பில் பதிய வேண்டும். அப்பதிவு இல்லையென்றால் திருமணம் செல்லாது. பிள்ளைக்குக் காணி உரிமை கேள்விக்குறியாகும். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்குத் தண்டப்பணம். ஒரு தந்தை தம் விசுவாசத்தை வெளிப்படையாகக் காத்தால் தம் பிள்ளையின் காணியை இழக்கக்கூடும். காணியைக் காத்தால் தம் மனச்சாட்சியோடு போராட வேண்டியிருக்கும்.

பலர் பகலில் ஒல்லாந்தரின் ஆலயத்திற்குச் சென்று பெயரைப் பதிந்துகொண்டு, வீட்டில் பழைய மன்றாட்டுகளைத் தொடர்ந்தனர். இதனை இரட்டை வேடம் என்று இலகுவாகச் சொல்லிவிடலாம். பிள்ளைகளைச் சுமந்துகொண்டு நெருக்கடிக்குள் வாழ்ந்த எவரும் அப்படிச் சொல்லத் தயங்குவர். விட்டுக்கொடுத்தவர்களும் விட்டுக்கொடுக்காதவர்களும் ஒரே குடும்பத்திற்குள் இருந்திருப்பார்கள். ஒரே அடுப்பில் சமைத்து உண்டிருப்பார்கள்.

வேறு சிலர் ஊரையே விட்டுப் புறப்பட்டனர். மாந்தையில் இருந்த அன்னை மரியாளின் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 20 குடும்பங்கள் 1670-இல் வன்னிக் காட்டை நோக்கி நடந்தன என்பது நம் மரபுவழிச் செய்தி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கத்தோலிக்கரும் அங்கே அவர்களோடு சேர்ந்துகொண்டனர். அவர்கள் திருவுருவத்தை வைத்து வணங்கிய மருதமடுவே இன்றைய மடுத் திருத்தலம். நம் திருத்தலங்களுள் முதன்மையானது, அடைக்கலம் தேடி ஓடிய குடும்பங்களின் கைகளில் சுமக்கப்பட்டு வந்தது என்பதை மறவாதீர்கள். 2008 ஏப்ரலில் போர் நெருங்கிவந்தபோது அதே திருவுருவம் மீண்டும் இடம்பெயர்ந்து, தேவன்பிட்டியில் தங்கி, ஆகஸ்டு மாதத்தில் மடுவுக்குத் திரும்பியது. உங்களில் சிலர் அந்த மாதங்களில் உங்கள் உறவுகளின் குரலைக் கேட்கத் தொலைபேசியின் அருகே காத்திருந்தீர்கள்.

1687-ஆம் ஆண்டில் ஒருவர் தூத்துக்குடியிலிருந்து கூலியாளின் வேடத்தில் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கோவாவின் பெனௌலிம் ஊரில் 1651-இல் ஆறு பிள்ளைகளுள் மூன்றாமவராகப் பிறந்த அவரே புனித யோசேவாஸ் அடிகளார். துணைக்கு யோவான் என்னும் பணியாளர் ஒருவர் மட்டுமே உடன் வந்தார். வந்த இடத்தில் கடும் வயிற்றுக்கடுப்பு நோயால் துன்புற்று, உடல் தேறியபின் அடிகளார் பணியைத் தொடங்கினார். யார் கத்தோலிக்கர் என்று அவருக்குத் தெரியாது. வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. ஆகவே கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு, பிச்சைக்காரரைப்போல வீடு வீடாகச் சென்றார். எந்த வீட்டினரின் கண்கள் அந்த மாலையில் தங்குகின்றன என்று கவனித்தார்.

இங்கே சற்று நின்று கணக்கிட்டுப் பாருங்கள். 1658 முதல் 1687 வரை 29 ஆண்டுகள். நிலையாகத் தங்கிப் பணியாற்றும் குரு இல்லை, கோவில் இல்லை, மறைக்கல்வி வகுப்பு இல்லை. ஒல்லாந்தர் வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர், அடிகளார் வந்தபோது பிள்ளைகளைப் பெற்றவராக இருந்திருப்பார். அத்தகைய ஒருவர் திருப்பலியை நினைவு தெரிந்து ஒரு தடவையும் கண்டிருக்கமாட்டார். ஆயினும் செபமாலையைக் கண்டதும் அதனை அடையாளம் தெரிந்துகொண்ட வீடுகள் இருந்தன. அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? வீட்டில் இருந்தவர்கள்தாம். நெல் குற்றும்போதும், காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் தலைமாட்டில் இருக்கும்போதும், மூத்தவர்கள் சொன்னதைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்.

அந்த மக்கள் அடிகளாரைச் சில்லாலைக்கு அழைத்துச் சென்று மறைத்து வைத்தனர். இரவில் வீடுகளில் திருப்பலி நடந்தது. ஆட்சியாளர் வீடுகளைச் சோதித்தனர், மக்களைச் சிறையிட்டனர். பின்னர் அடிகளார் புத்தளம் வழியாகக் கண்டிக்குச் சென்றார். உளவாளி என்ற ஐயத்தில் அங்கே சிறையிலும் இருந்தார். 1697-இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, உறவினரால் கைவிடப்பட்ட நோயாளர்களைத் தம் கைகளால் பேணினார். 1711 சனவரி 16 அன்று கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015 சனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுத் திருத்தலத்திற்கும் சென்றார். புனிதரின் பெயர் உலகறிந்தது. அவருக்குக் கதவைத் திறந்தவர்களின் பெயர்களை இறைவன் அறிவார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு ஏட்டில், குடும்பத்தை இல்லத் திருச்சபை என அழைக்கிறது. நம் முன்னோர் அதனை அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்துவிட்டனர். அவர்கள் குறையற்ற குடும்பங்களாக இருந்தார்கள் என்று நான் கருதவில்லை. காணிச் சண்டை இருந்திருக்கும். கொடுப்பனவில் மனத்தாங்கல் இருந்திருக்கும். பேசாமல் இருந்த சகோதரர்களும் இருந்திருப்பார்கள். அவற்றின் நடுவிலேயே விசுவாசம் கைமாறியது. அமைதியான காலம் வரட்டும், பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம் என்று அவர்கள் காத்திருந்தால் நம்மிடம் எதுவும் வந்திருக்காது.

அன்புக்குரியவர்களே, இங்கே ஜேர்மனியில் உங்கள் வீடுகளை நான் அறிவேன். கணவர் இரவு வேலையிலிருந்து வரும்போது மனைவி காலை வேலைக்குப் புறப்படுகிறார். பிள்ளைகள் தங்கள் அறையில் ஜேர்மன் மொழியில் பேசுகிறார்கள். பாட்டி தமிழில் அழைக்கிறார். இருவருக்கும் நடுவே அம்மா மொழிபெயர்க்கிறார். கடன், நோய், வதிவிட அனுமதி, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் என்று ஒவ்வொரு மாதமும் ஒரு கவலை. இந்த நாட்கள் கடந்தபின் நிம்மதியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம் என்று எண்ணுகிறோம். ஆண்டுகள் போய்விடுகின்றன. பின்னர் அடக்கத் திருப்பலியில், உயிரோடு இருந்தபோது சொல்லாத நன்றியை ஒலிவாங்கியின் முன் நின்று சொல்லி அழுகிறோம். அந்தக் கண்ணீரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அது உண்மையான கண்ணீர்தான். ஆனால் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். குடும்பத்திற்கு நன்றியாக இருங்கள் என்பதன் பொருள், அடியையும் அவமதிப்பையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதன்று. அத்தகைய துன்பத்தில் இருப்பவர் உதவி தேடுவது குடும்பத்திற்கு எதிரான செயலாகாது. என் கதவு அவர்களுக்குத் திறந்தே இருக்கும்.

மற்ற அனைவரிடமும் சிறியதொரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் வீட்டின் மூத்தவர் ஒருவரிடம், அவருக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். பிள்ளைகள் அருகில் இருக்கட்டும். அந்தப் பெயரை எழுதி வையுங்கள். ஞாயிறு திருப்பலிக்குக் கொண்டு வாருங்கள். நற்கருணையைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லுக்கு நன்றி செலுத்துதல் என்பதே பொருள். அந்தப் பெயர்களை அப்பத்தோடும் இரசத்தோடும் பீடத்தில் வைப்போம். பேசாமல் இருக்கும் அண்ணனுக்கோ தங்கைக்கோ ஒரு தொலைபேசி அழைப்பையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கு தீர்ந்தபின் பேசலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆகஸ்டில் கெவலார் மாதாவிடம் நாம் திரளாகச் செல்லும்போது, மாந்தையிலிருந்து காட்டுவழியே நடந்த அந்தக் குடும்பங்களையும் நினைத்துக்கொள்வோம். திருக்குடும்பத்தின் இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக.

இறையன்பில்,
உங்கள் பங்குத்தந்தை