உறிஞ்சப்பட்ட இரத்தமும் ஈயப்படும் இரத்தமும்

கேகாலை மாவட்டத்தின் தென்பகுதியில், சீதாவக்கை கங்கையை அண்டி அமைந்த ஊர் தெரணியகலை. தேயிலையும் இறப்பரும் அங்குள்ள மக்களுக்குச் சோறிடுகின்றன. ஈரம் ஓயாத அந்நிலத்தில் அட்டைக்கடி தொழிலாளருக்குப் புதுமையன்று. ஆயினும், அட்டை உறிஞ்சியது அற்பமே. வேறு இரண்டு பகைகள் இலங்கைத் தோட்டத்து மக்களின் இரத்தத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வந்தன. இத்தகைய ஊரிலே இரத்ததானம் என்றால் என்ன பொருள் என்பதை அறிய, அவற்றை முதலில் அறிதல் வேண்டும்.

ஒன்று கொழுக்கிப்புழு. வெறுங்காலுடன் மலையேறுவோரின் பாதத்தைத் துளைத்து உட்புகும் இப்புழு, குடலிலே தங்கி நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தத்தைக் கசியச் செய்யும். வெளிறிய முகத்தையும் தளர்ந்த நடையையும் கண்ட கங்காணிமார் அதைச் சோம்பல் என்றனர். அது சோம்பலன்று, சோகை. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் தாபனத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கிற்று. மருந்து கொடுப்பது எளிதாயிருந்தது; லயங்களுக்கு மலகூடம் அமைப்பிப்பதே அரிதாயிருந்தது.

மற்றது மலேரியா. 1934இல் மழை பொய்த்து, ஓடிய ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. அவற்றில் நுளம்பு பெருகிற்று. 1934, 35ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை மாவட்டம் மிகக் கொடிதாய்த் தாக்குண்டது. தப்பியவர்களின் உடலிலும் இரத்தம் குன்றியது. அத்தகையோரிடம் இரத்தம் கேட்பார் எவர்?

அக்காலத்தில் பிறநாடுகளில் இரத்தமேற்றும் கலை வளர்ந்து வந்தது. பிரசவத்தின் பின் இரத்தம் பெருகி இறக்கும் தாய்மாரைக் காக்கவே, இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பிளண்டெல் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மனித இரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. 1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்ரைனர் இரத்தத்தில் வகைகள் உண்டென்று காட்டிய பின்னரே புதிர் அவிழ்ந்தது. 1914இல் சோடியம் சித்திரேற்றுச் சேர்த்தால் இரத்தம் உறையாது என்பது தெளிவாயிற்று.

எனினும், கொடுப்பார் இன்றி அறிவியல் என்ன செய்யும்? 1921இல் இலண்டனிலுள்ள ஒரு வைத்தியசாலை அவசரமாக இரத்தம் வேண்டியது. செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்த பேர்சி ஒலிவர் தொண்டர் சிலருடன் விரைந்தார். அவர்களுள் ஒரு தாதியின் இரத்தம் பொருந்திற்று. அந்நிகழ்ச்சியே, அழைத்தவுடன் வந்து இலவசமாக இரத்தம் கொடுக்கும் தொண்டர் அணி உருவாகக் காரணமாயிற்று.

இலங்கையிலே நோயாளியின் உறவினர் ஈடாக இரத்தம் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. உறவினர் அருகில் இல்லாத மலைநாட்டுத் தாய்க்கு அது பெருந்தொல்லை. 2014ஆம் ஆண்டளவில், பணமோ ஈடோ பெறாத தொண்டர் கொடையே நாட்டின் முழுத் தேவையையும் நிறைவு செய்யும் நிலை வந்தது. அதன் பெரும்பகுதி கோயில் மண்டபத்திலும் விகாரையிலும் பாடசாலையிலும் கூடும் நடமாடும் முகாம்களிலேயே சேர்கின்றது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கியது. இரத்தப் பையின் சீட்டிலோ குடியுரிமை எழுதப்படுவதில்லை.

ஒருவர் கொடுக்கும் இரத்தத்தைச் செங்குழியம், சிறுதட்டு, திரவவிழையம் எனப் பிரித்து மூவருக்கு வழங்கலாம். சிறுதட்டு ஐந்து நாள் அளவிலேயே கெடும். ஆகையால் கொடை ஓயாது வரவேண்டும். கொடுத்தவரின் உடலில் நீர்ப்பகுதி இரண்டொரு நாளில் ஊறிவிடும். செங்குழியங்கள் சில வாரங்களில் நிறையும். நான்கு மாதம் சென்றால் மீண்டும் கொடுக்கலாம். இரத்தம் கொடுத்தால் மாரடைப்பு வாராது என்று சிலர் கூறுவது திண்ணமாக நிறுவப்பட்டதன்று. அதனை ஆசைகாட்டுதலாகச் சொல்ல வேண்டியதுமில்லை.

இலங்கை மலேரியா அற்ற நாடென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சோகை முற்றாக நீங்கவில்லை. முகாமிலே விரல்நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்த்து, குருதிநிறம் 12.5 கிராமுக்குக் குறைந்தால் கொடையை ஏற்கமாட்டார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களிற் சிலர் இவ்வாறு திருப்பி அனுப்பப்படுகின்றனர். கொடுக்க வந்தவள் வெறுங்கையோடு போனாள் என்று அதைக் கொள்ளலாகாது. தன் இரத்தம் குறைந்திருப்பதை, பிரசவ அறைக்குப் போகும் முன்பே அவள் அறிந்துகொள்கிறாள்.