உச்சிவெயிலில் ஒரு காட்டுமாடு

காட்டுமாட்டைப் படமெடுப்பது எளிதன்று. வளர்ந்த காளையின் உடல் ஏறக்குறையக் கறுப்பு. முழங்காலுக்குக் கீழே நான்கு கால்களும் வெள்ளை. அது உச்சிவெயிலில் மரநிழலின் விளிம்பில் நிற்கையில், நிழலில் இருக்கும் கறுப்பு மேலும் கறுக்கிறது. வெயிலில் இருக்கும் வெள்ளை கண்ணைக் கூசச் செய்கிறது. தோளின் தசைத்திரட்சி தெரியவேண்டும் என்று ஒளியைக் கணித்தால் கால்கள் வெளிறி மறைகின்றன. காலுக்கு ஏற்பக் கணித்தாலோ உடல் ஒரு மைக்கறை. கானுயிர் ஒளிப்படத்தின் நூறாண்டு வரலாற்றில் பாதியை இந்த ஒரு விலங்கைக் கொண்டே எழுதிவிடலாம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இத்துறையின் முன்னோடிகள் வெயிலோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவர்கள் இரவை நாடினார்கள். அமெரிக்கரான ஜார்ஜ் ஷைரஸ் படகில் அமர்ந்து, நீர் அருந்த வரும் மான்களைத் திடீர் ஒளியில் படமெடுத்தார். அவருடைய 74 படங்களை நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் 1906 ஜூலையில் வெளியிட்டது. இந்தியாவில் இந்த வழியைத் தொடர்ந்தவர் ஐக்கிய மாகாணத்து வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன். புலி நடக்கும் பாதையின் குறுக்கே கம்பி கட்டி, கால் பட்டதும் மக்னீசியப் பொடி வெடித்து ஒளிரும்படி செய்தார். புலி தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டது. 1925இல் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் அப்படங்களை வெளியிட்டது. 1927இல் அவை நூலாக வந்தன. அந்த ஒளி நண்பகல் வெயிலைவிட முரடானது. ஆயினும் அப்படங்களில் புலியின் வரிகள் துல்லியமாக விழுந்தன. இரண்டு புலிகளுக்கு ஒரே வரியமைப்பு இராது என்பதை வைத்து ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் காணலாம் என்று சாம்பியன் கண்டுகொண்டார். இன்று தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு புலிகளை எண்ணுவதும் இம்முறையில்தான். இதற்கு நிறம் தேவைப்படவில்லை என்பது கருதத்தக்கது.

நிறம் பின்னரே வந்தது. 35 மில்லிமீட்டர் கேமராவுக்கான கோடக்குரோம் படச்சுருள் 1936இல் விற்பனைக்கு வந்தபோது அதன் ஒளியுணர்வு இன்றைய அளவீட்டில் ஏறத்தாழ 10. மானின் ஓட்டத்தை உறையவைக்க அது போதாது. நல்ல வெயில் வேண்டும். வெயிலிலோ வேறொரு சிக்கல். ஸ்லைடு சுருளில் ஒளியளவு அரை ஸ்டாப் பிசகினாலும் படத்தில் தெரிந்துவிடும். கறுப்பு வெள்ளை நெகடிவோ தாராள மனம் கொண்டது. நிழலுக்கு ஏற்ப ஒளியூட்டிவிட்டு, கழுவும் நேரத்தைக் குறைத்து வெளிச்சத்தை அடக்கலாம். விட்டுப்போனதை இருட்டறையில், அச்சிடும்போது கையால் மறைத்தும் கூடுதல் ஒளி காட்டியும் மீட்கலாம். வண்ண நெகடிவுக்கும் இத்தகைய பொறுமை உண்டுதான். ஆனால் வண்ண இதழ்கள் கேட்டது ஸ்லைடை.

எனவே படக்காரர்கள் தம் நாளை மாற்றிக்கொண்டார்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், இடையில் உறக்கம். சாய்ந்த பொன்னொளியில் குளித்த சிறுத்தையையும் யானையையும் நாம் பல்லாண்டுகளாக வண்ண இதழ்களில் பார்த்து வந்திருக்கிறோம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வெப்பமண்டலக் காட்டின் ஒரு நாளில் பெரும்பகுதி அந்தப் படங்களுக்கு வெளியே நின்றுவிட்டது. யானை மரத்தடியில் நின்று காதுகளை விசிறி உடற்சூட்டைத் தணிப்பது நண்பகலில். புலி பின்புறமாக நீரில் இறங்கிக் கழுத்தளவு அமிழ்ந்து கிடப்பதும் அப்போதுதான். விலங்கு வெயிலை எப்படித் தாங்குகிறது என்பதை வெயிலைத் தவிர்க்கும் கேமரா எப்படிக் காட்டும்?

இங்கேதான் மா. கிருஷ்ணனை (1912-1996) நினைக்கவேண்டியிருக்கிறது. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் தம் இறுதிவரை இயற்கை பற்றிய பத்தியை எழுதினார். ஒரு நிறுவனத்தின் உடல், இன்னொன்றின் லென்ஸ் என்று தாமே இணைத்து உருவாக்கிய பெரிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று விளையாட்டாகப் பெயரிட்டிருந்தார். உலகமே வண்ணத்துக்கு மாறிய பின்னும் அவர் கறுப்பு வெள்ளையிலேயே நின்றார்.

அதைப் பிடிவாதம் என்று சிலர் எண்ணக்கூடும். 2006இல் ‘ஐ இன் தி ஜங்கிள்’ என்ற தலைப்பில் தொகுக்கப்பட்ட அவர் படங்களைப் புரட்டுபவர்களுக்கு அவ்வாறு தோன்றாது. அவர் கோட்டோவியமும் வரைந்தவர்; தம் கட்டுரைகளுக்குத் தாமே படம் வரைந்தார். அந்த ஓவியக் கண் ஒளிப்படத்திலும் வேலை செய்கிறது. யானையின் நெற்றி மேடு, கன்னத்துக் குழிவு, தோலின் சுருக்கம் ஆகியவை நிறத்தால் அன்று, நிழலால் அறியப்படுபவை. செம்மண்ணில் குளித்த யானை வண்ணப்படத்தில் முதலில் செம்மண்ணாகத் தெரிகிறது. கறுப்பு வெள்ளையில் அது யானை. மேலும் கிருஷ்ணனுக்குப் படம் ஒரு சான்று. 1968இல் நேரு ஆய்வுநல்கை பெற்று, தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் நிகழ்த்திய ஆய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக வெளியிட்டது. அத்தகைய வேலையில் ஈடுபட்டவர் பொன்னொளிக்காகக் காத்திருக்க இயலுமா? கண்ட இடத்தில், கண்ட ஒளியில் பதிவு செய்தாகவேண்டும்.

வண்ணத்துக்கு உரியதை மறுப்பதற்கில்லை. மலையணிலின் செம்பழுப்பையும் பனங்காடையின் நீலத்தையும் சாம்பலாக்கிக் காட்டுவது அநீதி. புலியின் விஷயம் மட்டும் வேறு. மான்களின் கண்ணில் இருவகை நிறமுணர் செல்களே உண்டு; நாம் காணும் ஆரஞ்சு அவற்றுக்குப் பசுமையிலிருந்து வேறுபட்டுத் தெரிவதில்லை. புலியின் இரை பார்க்கும் புலிக்குச் சாம்பியனின் படங்கள் நம் நாட்காட்டிப் புலிகளைவிட நெருக்கமானவை.

டிஜிட்டல் கேமரா வந்தபின் பெரும்பாலும் எல்லாப் படமும் வண்ணத்திலேயே எடுக்கப்படுகிறது. நிறத்தை நீக்குவது பிறகு கணினியில் எடுக்கும் முடிவு. நிக் பிராண்ட்டின் ஆப்பிரிக்க விலங்குப் படங்கள் 2005இல் நூலாக வந்ததற்குப் பின்னர் அந்தப் பாணியில் கறுப்பு வெள்ளை மீண்டும் மதிப்புப் பெற்றது. பிராண்ட் படச்சுருளில், மேகம் மூடிய வானத்தின் கீழ்க் காத்திருந்து எடுத்தவர். அவருடையது விலங்குக்கு எழுப்பிய நினைவுச்சின்னம், கிருஷ்ணனின் களக்குறிப்பு அன்று. அவரைப் பின்பற்றும் பலரோ நண்பகலில் கெட்டுப்போன வண்ணப்படத்தைக் காப்பாற்றவே சாம்பலாக்குகிறார்கள். ஆரஞ்சை வெளுக்கவும் வானத்தின் நீலத்தைக் கருக்கவும் கணினியால் முடியும். கருவி ஏற்கக்கூடிய அளவைத் தாண்டி வெளிறிப்போன காட்டுமாட்டுக் காலில் மீட்பதற்கு ஏதும் இல்லை. வண்ணத்தில் வெறும் வெள்ளையாக இருந்தது சாம்பலிலும் வெறும் வெள்ளையாகவே இருக்கும்.