ஹொனலூலுவில் ஓர் இஸ்ஃபஹான்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர், "கட்டடத்தைப் பத்தி எழுதுப்பா, ஆனா கான்கிரீட் கணக்கெல்லாம் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சரி, கான்கிரீட் இல்லாமலேயே ஒரு வீட்டுச் சரித்திரத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். வேலை விஷயமாக ஹவாய் போனபோது நேரில் பார்த்த வீடு அது. ஊர் திரும்பிய பிறகும் மனசை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

வீட்டுக்குச் சொந்தக்காரர் டோரிஸ் ட்யூக் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1912ல் பிறந்தவர். அப்பா ஜேம்ஸ் புக்கானன் ட்யூக் சிகரெட் வியாபாரத்தில் கொழித்தவர். பிறகு அந்தப் பணத்தை மின் உற்பத்தியில் போட்டு மேலும் பெருக்கினார். வட கரோலினாவில் உள்ள ட்யூக் பல்கலைக்கழகம் அவர் கொடுத்த நன்கொடையால் அந்தப் பெயர் பெற்றதுதான். 1925ல் அவர் காலமானபோது மகளுக்கு வயது 12. உலகத்திலேயே பணக்காரச் சிறுமி என்று பத்திரிகைகள் பட்டம் கட்டிவிட்டன.

1935ல் கல்யாணம். தேனிலவுக்கு உலகத்தைச் சுற்றக் கிளம்பிய தம்பதி இந்தியாவுக்கும் வந்தார்கள். ஆக்ராவில் தாஜ்மஹாலைப் பார்த்தார் டோரிஸ். நாமெல்லாம் பார்த்தால் போட்டோ எடுத்துக்கொண்டு, சின்னதாக ஒரு பொம்மைத் தாஜ்மஹால் வாங்கி வருவோம். அவர் ஒரு படுக்கையறைக்கும் குளியலறைக்கும் ஆர்டர் கொடுத்தார்! பிளாம்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் வரைபடம் போட, ஆக்ராக் கைவினைஞர்கள் வெள்ளைப் பளிங்கில் கல் பதித்த பூ வேலையும் ஜாலித் தட்டிகளும் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஹவாயில் வீடு கட்டும் எண்ணமே அப்போது அவருக்குக் கிடையாது. பயணத்தின் கடைசியில் ஹவாய்க்குப் போய், அந்த ஊர் பிடித்துப்போய், 1936ல் ஹொனலூலு டயமண்ட் ஹெட் மலைக்குப் பக்கத்தில் கடலோரமாகச் சுமார் 5 ஏக்கர் வாங்கினார். அறை முதலில், மனை அப்புறம். மேரியன் சிம்ஸ் வைத் என்பவர் ஆர்க்கிடெக்ட். 1938ல் குடிபுகுந்த வீட்டுக்கு 'ஷாங்ரி லா' என்று பெயர் வைத்தார்கள். 1933ல் வந்த ஜேம்ஸ் ஹில்டனின் நாவலில் வரும் கற்பனை ஊர் அது.

என்னை அசத்தியது வேலை நடந்த விதம்தான். 1937ல் மொராக்கோவின் ரபாத் நகரத்துப் பட்டறை ஒன்றுக்கு ஹொனலூலு அறைகளின் அளவு போகிறது. அங்கே மரத்தில் கூரை செதுக்கி, வண்ணம் தீட்டி, பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்புகிறார்கள். இங்கே அதைப் பொருத்துகிறார்கள். ஃபேக்ஸ்கூட இல்லாத காலம் ஸார்! அதே ஹாலில் கடலைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். மோட்டாரைப் போட்டால் அப்படியே தரைக்கடியில் இறங்கிவிடும். 1938ல் ஈரான் போய், இஸ்ஃபஹான் ஷா மசூதியின் ஓடுகளை மாதிரியாக வைத்துப் புது ஓடுகள் செய்யச் சொன்னார். தோட்டத்து விருந்தினர் மாளிகைக்கு மாதிரி, அதே ஊரின் செஹல் சொதூன். அந்தப் பெயருக்கு நாற்பது தூண் என்று அர்த்தம். நிற்பது இருபதுதான், மிச்சம் குளத்தில் தெரியும் நிழல்.

இதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. உயிரோடிருந்த தொழிலாளிக்கு வேலை கிடைத்தது, கைக்குக் கூலி கிடைத்தது. 1940ல் வாங்கிய பொருளிடம் வரும்போதுதான் நான் தயங்கி நிற்கிறேன்.

அது ஒரு மிஹ்ராப். அதாவது, மக்கா இருக்கும் திசையைக் காட்டும் தொழுகை மாடம். 12 அடிக்கு மேல் உயரம். டெஹ்ரானுக்குத் தெற்கே வராமின் என்ற ஊரில், இமாம்ஜாதா யஹ்யா என்ற அடக்கத்தலத்துக்காக ஹிஜ்ரி 663ல், அதாவது 1265ல் செய்தது. செய்தவர் காஷான் நகரத்து அலி இப்னு முஹம்மது. ஓட்டிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் மகன் அபுல் காசிம் 1301ல் குடும்பத் தொழில் முறையையே எழுதி வைத்தார். அரைத்த வெள்ளைக்கல் பத்துப் பங்கு, கண்ணாடிப் பொடி ஒரு பங்கு, வெள்ளைக் களிமண் ஒரு பங்கு. இதைச் சுட்டு, மெருகு ஏற்றி, அதன்மேல் வெள்ளியும் செம்பும் கலந்த கரைசலால் எழுதி, இரண்டாம் தடவை சூளையில் வைப்பார்கள். இந்த முறை புகைமூட்டத்தில், பிராணவாயு குறைவாக. உலோகம் மிக நுண்ணிய துகளாகப் பிரிந்து மேலே படியும். துடைத்தால் தங்கம் மாதிரி மின்னும். கொஞ்சம் சூடு கூடினாலும் எல்லாம் கெட்டுப்போகும். சூளைக்குத் தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் இதைச் சாதித்தார்கள் என்றால், மெட்டலர்ஜி படித்த நம்மவர்கள் யோசிக்க வேண்டும்.

அந்த அடக்கத்தலத்தின் ஓடுகள் 19ஆம் நூற்றாண்டில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய மியூசியங்களுக்குச் சிதறிப் போயின. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது, ரஷ்யாவின் ஹெர்மிடேஜில் இருக்கிறது. மிஹ்ராபும் அப்படித்தான் சுவரை விட்டு வந்தது. ஹாகோப் கெவோர்கியன் என்ற கலைப்பொருள் வியாபாரியிடமிருந்து டோரிஸ் அதைக் காசு கொடுத்து வாங்கினார், பெயர்த்தவர் அவரல்ல. அங்கேயே விட்டிருந்தால் துண்டு துண்டாகப் போயிருக்கும், இவர் முழுசாகக் காப்பாற்றினார் என்று வாதம் செய்யலாம். ஓரளவு நியாயம்தான். ஆனால் நல்ல விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்துதானே கடப்பாறை சுவருக்குப் போனது? சிரியாவின் டமாஸ்கஸிலிருந்து பழைய வீடுகளின் மரச் சுவர்களையும் பின்னாளில் வாங்கி, தன் வீட்டு அறை அளவுக்குத் தக்கபடி மாற்றிப் பொருத்தினார். நீளம் அகலம் ஒத்துவராத இடத்தில் எது வெட்டுப்பட்டிருக்கும் என்று சைட்டில் நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1993ல் அவர் இறந்தார். இஸ்லாமியக் கலையை மக்கள் அறிய ஓர் அறக்கட்டளை வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். 2002ல் வீடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வராமினில் அந்த அடக்கத்தலமும் அப்படியேதான் இருக்கிறது. ஜனங்கள் வருகிறார்கள், தொழுகிறார்கள். மாடம் இருந்த சுவர் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் ஹவாய்க்குப் போனால் பீச்சோடு திரும்பிவிட வேண்டாம். நினைத்தபோது நேரே போய் நுழைய முடியாது, முன்பதிவு செய்ய வேண்டும். மிஹ்ராபின் முன்னால் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து பாருங்கள். வெளிச்சம் படும் கோணத்துக்குத் தக்கபடி ஓட்டின் நிறம் மாறும்.