முறிந்த காலும் அடுத்த பனிக்காலமும்

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குப் பருவம் பொதுவாக டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. பிப்ரவரியில் கால் முறிந்தவருக்கு அடுத்த பருவம் வரை ஒன்பது, பத்து மாதங்கள் கிடைக்கும். அந்த மாதங்களில் காலை என்ன செய்வது என்பதற்கு மருத்துவம் தந்த விடை ஒரு நூற்றாண்டுக்குள் தலைகீழாக மாறியது. முதலில் அசைக்காதே என்றது; பிறகு அறுவை முடிந்த கையோடு மடக்கி நீட்டச் சொன்னது. அந்த மாற்றத்தில் மருத்துவர்களுக்கு இருக்கும் பங்கு, சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளிகளுக்கும் உண்டு.

சறுக்குப்பலகையில் கால் முறிவதற்கு வழிசெய்தது, பலகையை மேம்படுத்திய அதே கண்டுபிடிப்புதான். பழைய நார்வேயில் காலின் முன்பகுதியை மட்டும் ஒரு வார் பிடித்திருந்தது. விழுந்தால் கால் கழன்றுவிடும். டெலிமார்க் பகுதியின் மோர்கெடாலைச் சேர்ந்த சோண்ட்ரே நூர்ஹைம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் முறுக்கிய கொடியைக் குதிகாலைச் சுற்றிக் கட்டினார். பலகை காலோடு சேர்ந்து திரும்பியது. தாண்டவும் வளையவும் முடிந்தது. ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் மத்தியாஸ் ட்ஸ்டார்ஸ்கி செங்குத்தான சரிவுகளுக்கு ஏற்ற உலோக ‘பைண்டிங்’ (காலணியைப் பலகையோடு பிணைக்கும் பிடி) செய்தார். அடுத்து வந்தது குதிகாலைக் கம்பிவடத்தால் இறுக்கிய கண்டஹார் பைண்டிங். ஆப்கான் நகரின் பெயர் சுவிட்சர்லாந்துக்குப் போனது ராபர்ட்ஸ் பிரபு வழியாக. கண்டஹார் போரில் வென்று, பிறகு சென்னை ராணுவத்துக்குத் தலைமை வகித்த அவர், 1911-இல் அங்கே நடந்த ஒரு சறுக்குப் போட்டிக்குக் கோப்பை அளித்தார்.

பிடி இறுகியதும் விழுகிற கால் கழலவில்லை. நீண்ட பலகை நெம்புகோலாகி, கீழ்க்கால் எலும்பைத் திருகி முறித்தது. அந்தக் காலத்துச் சறுக்கு ஊர்களில் மாவுக்கட்டோடு நடமாடும் விருந்தினர்கள் சாதாரணக் காட்சி.

மாவுக்கட்டை 1850-களில் பரப்பியவர் டச்சு ராணுவ மருத்துவர் அந்தோனியுஸ் மத்தைசென். வியன்னாவில் 1925-இல் விபத்து மருத்துவமனை தொடங்கிய லோரன்ஸ் பூலர் அதை ஒழுங்கான சிகிச்சை முறையாக்கினார். முறிந்த இடத்தைச் சரியாகப் பொருத்தி அசையாமல் வைக்க வேண்டும், கட்டுக்கு வெளியே உள்ள மூட்டுகளைத் தினமும் இயக்க வேண்டும் என்பது அவர் விதி. ஆனால் கீழ்க்கால் முறிவுக்குத் தொடைவரை கட்டுப் போட்டால் முழங்காலும் கணுக்காலும் உள்ளே சிக்கிக்கொள்ளும். வாரக்கணக்கில் கிடந்த பின் கட்டைப் பிரித்தால் எலும்பு கூடியிருக்கும், தொடை மெலிந்திருக்கும், மூட்டு மடங்காது. அந்தக் காலோடு அடுத்த டிசம்பரில் மலையேறுவது பலருக்குக் கனவாகவே நின்றது.

விதிவிலக்குகள் இருந்தன. 1916-இல் ஆஸ்திரிய ராணுவத்தில் இருந்த ட்ஸ்டார்ஸ்கி, பனிச்சரிவில் சிக்கியவர்களை மீட்கப் போய்த் தாமே சிக்கினார். உடலில் சுமார் 80 முறிவுகள். வயது அறுபது. அவர் தேறி மீண்டும் சறுக்கினார். இன்னொருவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் குடியேறிய யால்மர் வாம். 1937-இல் கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்தவர், மயக்கம் தெளிந்ததும் காகிதமும் பென்சிலும் கேட்டதாகச் சொல்வார்கள். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். விளைவு மட்டும் உறுதி. திருகு விசை மிகுந்தால் காலணியின் முன்முனையைத் தானே விடுவிக்கும் பைண்டிங்குக்கு அவர் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சில் லுக், ஜெர்மனியில் மார்க்கர் நிறுவனங்கள் அந்த யோசனையைப் பெருந்தொழிலாக வளர்த்தன.

மருத்துவத்தின் திருப்பம் சுவிட்சர்லாந்தில் நிகழ்ந்தது. 1958-இல் மௌரிஸ் முல்லர், மார்ட்டின் ஆல்கோவர் உள்ளிட்ட அறுவை மருத்துவர்கள் பீல் நகரில் கூடி ‘ஏ.ஓ.’ குழுவை அமைத்தனர். முறிந்த துண்டுகளை உலோகத் தகடும் திருகாணியும் கொண்டு இறுக்கிவிட்டால் கட்டே வேண்டாம், மூட்டை உடனே இயக்கலாம் என்பது அவர்கள் கொள்கை. ஆய்வுக்கூடம் அமைந்த இடம் டாவோஸ். ஆல்கோவர் பணியாற்றியது மலைப்பகுதி நகரமான கூர். சறுக்குப் பருவம்தோறும் கீழ்க்கால் முறிவுகள் வந்து குவியும் நாட்டில் இந்தக் கொள்கை சோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

1979 மார்ச்சில் அமெரிக்கச் சறுக்கு வீரர் ஃபில் மேரின் கணுக்கால் லேக் பிளாசிட்டில் நொறுங்கியது. மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டெட்மன் அதைத் தகடும் திருகாணியும் வைத்து இணைத்தார். 1980 பிப்ரவரியில் அதே ஊரில் நடந்த ஒலிம்பிக்கில் மேர் ஸ்லாலம் பந்தயத்தில் வெள்ளி வென்றார்.

இதற்குள் காயமே இடம் மாறியிருந்தது. 1960-களில் தோல் காலணி போய், லாங்கே நிறுவனம் தொடங்கிவைத்த கெட்டியான பிளாஸ்டிக் காலணி வந்தது. அது கணுக்காலைக் காத்தது. கழலும் பைண்டிங் கீழ்க்கால் எலும்பைக் காத்தது. மிச்சமிருந்த விசை முழுவதும் முழங்காலுக்கு ஏறியது. அங்கே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடிக்கும் ஏ.சி.எல். என்ற நார் கிழிவது 1980-களில் மிகப் பெருகிற்று. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துச் சுகர்புஷ் மலையில் 1972 முதல் காயங்களைப் பதிந்துவந்த ஆய்வாளர்கள் எட்லிங்கர், ஜான்சன், ஷீலி மூவரும் இந்த இடமாற்றத்தை ஆவணப்படுத்தினர்.

கிழிந்த நாருக்குப் பதிலாக முழங்கால் சில்லின் கீழுள்ள நாரிலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் பொருத்துவது வழக்கமாயிற்று. பொருத்திய பின் மீண்டும் பழைய பயம்: நார் அறுந்துவிடும், காலை மடக்காதே, நீட்டாதே. இண்டியானாபொலிஸ் மருத்துவர் டொனால்ட் ஷெல்போர்ன் ஒன்றைக் கவனித்தார். கட்டுப்பாட்டை மீறி விருப்பம்போல் நடந்தவர்கள், பணிந்து நடந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். 1990-இல் அவர் வெளியிட்ட விரைவு மறுவாழ்வு முறையில் முழங்காலை முழுதாக நீட்டுவதும், காலில் எடை போடுவதும் தொடக்கத்திலேயே இடம்பெற்றன. கீழ்ப்படியாத நோயாளிகளை மருத்துவம் இப்படிப் பாடமாக எடுத்துக்கொண்டது அபூர்வம்.

சறுக்குக்கான பயிற்சியும் இந்த முறைக்குள் வந்து சேர்ந்தது. சரிவில் இறங்கும்போது தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். படுத்துக் கிடந்தால் முதலில் கரைவதும் அதே தசை. எனவே வீட்டுக்குள் மிதிக்கும் சைக்கிளில் தொடங்கி, சுவரில் முதுகு சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்கார்வது, ஒற்றைக்காலில் குனிந்து எழுவது, பெட்டியைப் பக்கவாட்டில் தாண்டுவது என்று படிப்படியாக ஏறும் வரிசை உருவானது. நாட்காட்டியோடு அளவுகோலும் வந்தது: ஒற்றைக்காலில் தாண்டும் தூரத்திலும் தொடைவலிமையிலும் காயக்கால் நல்ல காலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். 2016-இல் வெளியான ஒரு நார்வே ஆய்வு, ஏ.சி.எல். அறுவைக்குப் பின் விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைவதைக் காட்டியது. காலை அசைப்பதில் அவசரம், களத்துக்குத் திரும்புவதில் நிதானம் என்று விதி இரண்டாகப் பிரிந்தது.

ஹெர்மன் மையர் இரண்டையும் கண்டவர். 2001 ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் விபத்தில் ஆஸ்திரிய வீரரான அவரது வலது கீழ்க்கால் சிதைந்து, வெட்டி எடுப்பது பற்றியே பேச்சு எழுந்தது. எலும்புக்குள் டைட்டானியம் தண்டு செலுத்தப்பட்டது. ஒரு பருவமும் அதில் அடங்கிய 2002 ஒலிம்பிக்கும் கைவிட்டுப் போயின. 2003 ஜனவரியில் பந்தயத்துக்கு வந்து, அதே மாதம் கிட்ஸ்ப்யூலில் சூப்பர்-ஜி பந்தயத்தை வென்றார். 2004-இல் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டமும் அவருக்கே.

முழங்கால் காயத்தை உபகரணத்தால் மட்டும் தடுக்க முடியவில்லை. பின்னால் சாய்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிய நிலையில் எழ முயல்வது பெரும்பாலும் நாரை அறுக்கிறது என்று சுகர்புஷ் குழு கண்டது. அத்தகைய நிலைகளை அடையாளம் கண்டு விலகச் சறுக்குக் காவலர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு பருவத்துக்கு முன் பயிற்சி தரப்பட்டது. கடுமையான முழங்கால் சுளுக்குகள் அவர்களிடம் 62 சதவீதம் குறைந்ததாக 1995-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. பைண்டிங் எந்த விசையில் கழல வேண்டும் என்பதற்கும் பன்னாட்டுத் தரம் உண்டு. எடை, உயரம், வயது, காலணியின் அடி நீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றைக் கொண்டு கடையில் எண் வைக்கப்படுகிறது. காயத்திலிருந்து திரும்புபவர் தம் பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளாமல், பருவம் தொடங்குமுன் அதை மறுபடி சோதித்துக்கொள்வது வழக்கம்.