நுண்துகள் செறிவூட்டல் ஆய்வின் வரலாறும் பழவேற்காட்டு மீனவர் ஊர்களும்

ஆய்வுச் சுருக்கம்

காற்றிலுள்ள நுண்துகள்களைச் செறிவாக்கிச் சுவாசிக்கச் செய்து அவற்றின் விளைவை அறியும் ஆய்வுமுறை 1990களில் உருவானது. அம்முறையின் பயனையும் எல்லையையும் பழவேற்காட்டுச் சூழலில் பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். கூனங்குப்பம், அரங்கங்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் அதன் தென்பகுதியில் உள்ளன. இவற்றுக்குத் தெற்கே எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990களிலும் வல்லூர் நிலையம் 2010களிலும் செயற்பாட்டுக்கு வந்தன. கடல் தரும் உப்பு, விறகடுப்பின் கரி, தெற்குக் காற்றில் வரும் நிலக்கரிப் புகை என மூவகைத் துகள்கள் இங்கு கலக்க வாய்ப்புண்டு.

எடை என்னும் அளவுகோல்

1994ஆம் ஆண்டின் இந்தியத் தரவரையறை, மிதக்கும் துகள்களின் ஆண்டுச் சராசரியைத் தொழிற்பகுதிக்குக் கனமீட்டருக்கு 360 மைக்ரோகிராம் எனவும், குடியிருப்பு, ஊரகப் பகுதிகளுக்கு 140 எனவும் வகுத்தது. 2009ஆம் ஆண்டின் வரையறை அவ்வேறுபாட்டை நீக்கி, 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்களுக்கு ஆண்டுச் சராசரி 40 என்னும் வரம்பை விதித்தது. ஆயினும் இரண்டிலும் அளவுகோல் எடையே. ஒரு மைக்ரோகிராம் உப்பும் ஒரு மைக்ரோகிராம் கரியும் இதில் சமமாகவே எண்ணப்படுகின்றன.

செறிவூட்டும் கருவி

எத்துகள் தீங்கு செய்கிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கிய துகள்களைக் கொண்டு முழுமையாக அறிய இயலாது. ஆகவே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சியோடஸ், கௌட்ராகிஸ் முதலியோர் வெளிக்காற்றின் துகள்களையே செறிவாக்கும் முறையை 1995இல் வெளியிட்டனர். குறுகிய பிளவின் வழியே விரைந்து வரும் காற்றின் பெரும்பகுதி பக்கவாட்டில் திருப்பப்படுகிறது. துகள்களோ தம் உந்தத்தால் நேரே சென்று எஞ்சிய சிறிதளவு காற்றில் திரள்கின்றன. 0.1 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் காற்றோடு சேர்ந்து திரும்பிவிடுவதால் இம்முறைக்கு அகப்படவில்லை. 2001இல் விவரிக்கப்பட்ட மற்றொரு கருவி, துகள்கள்மீது நீராவியைப் படியச் செய்து பருக்கவைத்துச் செறிவாக்கி, பின்னர் உலர்த்தி இக்குறையைத் தீர்த்தது.

காலம் என்னும் எல்லை

2000இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நலமுள்ள 38 தன்னார்வலர்கள் செறிவூட்டிய துகள்களை 2 மணிநேரம் சுவாசித்தனர். அவர்களுடைய நுரையீரலில் மெல்லிய அழற்சி காணப்பட்டது. எனினும் இத்தகைய ஆய்வுகளில் செறிவைப் பன்மடங்காக்கலாம்; ஆண்டுகளை மணிகளாகச் சுருக்க இயலாது. நாள்தோறும் அடுப்பருகே இருக்கும் கருவுற்ற பெண்ணின் நிலையை அவை காட்டா. அவ்விடைவெளியைக் களஆய்வே நிரப்புகிறது. கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டில் 1285 கருவுற்ற பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடுந்தோறும் குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைவதோடு தொடர்புற்றிருப்பதைக் கண்டது.

முடிவுரை

செறிவூட்டல் ஆய்வு துகளின் தன்மையை வினவுகிறது. களஆய்வு அத்துகளோடு வாழ்ந்த காலத்தை வினவுகிறது. உப்பும் கரியும் நிலக்கரிப் புகையும் கலக்கும் பழவேற்காட்டில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ஊர்க்காற்றின் துகள்களை வகைபிரித்தல், அவற்றையே செறிவூட்டி ஆராய்தல், தாய்சேய் நலத்தை நெடுங்காலம் பதிவுசெய்தல் ஆகிய மூன்றும் இணையும்போதே, எப்புகையை முதலில் குறைக்க வேண்டும் என்னும் அவ்வூர் மக்களின் வினாவுக்குச் சான்றுடன் விடையளிக்க இயலும்.